உப்பில்லாக் கீரைக்கு ஒரு திருவிழா

போன ஐப்பசியில் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். விருதுநகர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர், கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள். உள்ளூர் இயற்கையையும் காட்டு உணவையும் கொண்டாடுவது நோக்கம். அழைப்பிதழில் 'இலையுதிர்கால அறுவடை' என்று அச்சடித்திருந்தார்கள். அந்த இரண்டு சொல்லோடும் எனக்குச் சண்டை உண்டு. அதை அப்புறம் வைத்துக்கொள்வோம், முதலில் சாப்பாடு.

தொய்யக்கீரை கடைசல், பண்ணைக்கீரை மசியல், பிரண்டைத் துவையல், முடக்கத்தான் தோசை, நடுநாயகமாக அதலைக்காய் வதக்கல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் அட்டை. அதலைக்காய் அட்டையில் 'அரிய வகை, சர்க்கரை நோய்க்கு நல்லது' என்று இருந்தது. நானும் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டேன். அதலைக்காய் கொஞ்சம் கசந்தது. மற்றபடி நல்ல சாப்பாடு, பொய் சொல்லக்கூடாது.

கை கழுவப் போன இடத்தில் ஓர் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். "அந்த அட்டையில என்ன தம்பி போட்டுருக்காக?" என்று கேட்டார். படித்துச் சொன்னேன். சிரித்துவிட்டார். "அரிசி இல்லாத நாளைக்கித் தின்னது தம்பி இது. யாராச்சும் வந்துட்டா சட்டிய மூடி அங்கிட்டுத் தள்ளி வச்சிருவோம்."

அந்த மூடிய சட்டியை நான் ஏற்கெனவே எங்கேயோ பார்த்திருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் விழா மேடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மேடையில் பேசிய மூன்று பேரும் தவறாமல் கபிலரைத் தொட்டார்கள். புறநானூற்றின் 109ஆம் பாட்டு. பாரியின் பறம்பு மலையை மூவேந்தர்கள் முற்றுகையிட்டிருக்கிறார்கள். உழவர் உழாமலே அந்த மலை நான்கு விளைச்சல் தரும் என்று கபிலர் வரிசை போடுகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். காட்டு உணவுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. ஆனால் பாட்டு விளம்பரமா? யாரிடம் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். சாப்பிட வந்தவர்களிடம் இல்லை, பட்டினி போட்டுப் பணியவைக்க வந்தவர்களிடம். உங்கள் முற்றுகை இந்த ஜனங்களிடம் செல்லாது என்பதுதான் சேதி. பலாச்சுளை இனிக்கும் என்ற செய்தியும் பாட்டில் உண்டு, ஆனால் அந்த இனிப்பு அங்கே எதிரியின் காதுக்கு. அதாவது ருசிப் பட்டியல் மாதிரி தெரிகிற இது, ஒரு சுதந்திரத்தின் பட்டியல். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் என்று அடுக்கும் வரிசையில் மூங்கிலும் தேனும் கிழங்கும் இருப்பதைப் படித்தபோது எனக்குக் கபிலர்தான் ஞாபகம் வந்தார். அதுவும் உரிமையின் பட்டியல்தான்.

கபிலரிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. உழவர் உழவில்லை, சரி. கிழங்கை யார் தோண்டினார்கள்? தேனுக்கு யார் மலையேறினார்கள்? அவருடைய மலை தானாகவே கொடுக்கிறது. காட்டுக் கிழங்கு தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குழிக்குள் பாதி உடம்பை இறக்கி எடுக்கிற வேலை அது. எடுத்த பிறகும் கொடியோடு கிழங்கின் தலையைக் குழியில் விட்டு மண் மூடினால்தான் அடுத்த வருஷம் உண்டு. 'தானாக விளைவது' என்ற சொல்லுக்குள் இவ்வளவு வேலையும் அறிவும் ஒளிந்துபோகிறது. விழாக்காரர்கள் கபிலரிடமிருந்து அவருடைய வீறாப்பை எடுக்கவில்லை, இந்த மறதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் எடுக்காத பாட்டுகள் உண்டு. அதே புறநானூற்றில் 159ஆம் பாட்டு, பெருஞ்சித்திரனார் குமணனிடம் தன் வீட்டைச் சொல்வது. பால் வற்றிய முலையைப் பிள்ளை சுவைத்துக்கொண்டிருக்க, மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி உப்பில்லாமல் வேகவைக்கிறாள். மோர் இல்லை, சோறு மறந்தே போயிற்று. நான் இங்கே கவனிப்பது ஒரு சின்ன விவரத்தை. அவள் கிள்ளுவது, முன்பு கிள்ளிய இடத்திலேயே மறுபடி துளிர்த்த தளிர். அப்படியென்றால் அதற்கு முன்னாலும் அதே கீரைதான்.

பஸ்ஸில் எனக்கு ஞாபகம் வந்தது சிறுபாணாற்றுப்படை. அங்கேயும் குப்பையில் முளைத்த வேளைக்கீரை, அங்கேயும் உப்பில்லை. ஆனால் நத்தத்தனார் ஒரு காரியம் கூடுதலாகச் செய்கிறார். கீரை வெந்ததும், வறுமை என்னவென்று அறியாதவர்கள் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்று வெட்கப்பட்டு, அந்தப் பெண் வாசல் கதவை அடைக்கிறாள். அடைத்த பிறகுதான் சுற்றத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பாத்திரம் துலக்கிய அம்மா மூடி வைத்த சட்டியும் இந்தக் கதவும் ஒன்றுதான். நடுவில் பல நூறு வருஷம் ஓடியிருக்கிறது, அவ்வளவே.

இப்போது அந்தச் சண்டைக்கு வருகிறேன். முதல் சொல், இலையுதிர்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர். மழை விழுந்து கரிசல் கறுத்துக் கிடக்கும். நம் வறண்ட காடுகள் இலை உதிர்ப்பது கோடை நெருங்கும்போது. ஐப்பசியில் எல்லாம் முளைக்கும், எதுவும் உதிராது. இரண்டாவது, அறுவடை. மானாவாரிக் கரிசலில் ஐப்பசி விதைப்புக் காலம், கதிர் வீடு வந்து சேரத் தையாகும். போன வருஷத் தானியம் தீர்ந்து, இந்த வருஷத்துப் பயிர் பச்சையாக நிற்கிற இடைவெளியில்தான் தொய்யக்கீரையும் அதலைக்காயும் வருகின்றன. அவை அறுவடைக்குக் காத்திருந்தவர்களின் சோறு. அறுவடை விழா என்று பெயர் வைத்ததுமே அந்த இடைவெளி அழிந்துவிடுகிறது, அதில் பசித்திருந்தவர்களும்.

இன்னொன்று. எங்கள் பக்கம் காடு என்றால் வனம் இல்லை, மானாவாரி நிலம். 'காட்டு வேலைக்குப் போறேன்' என்றால் களையெடுக்கப் போகிறேன் என்றும் பொருள். களையெடுக்கப் போன பெண்களுக்குக் கூலி கையில், கீரை மடியில். இன்று களைக்கொல்லி அடித்த காட்டில் கூலியும் கிடையாது, கீரையும் கிடையாது. அட்டையில் 'அரிய வகை' என்று எழுதினார்களே, எப்படி அரிதாயிற்று என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். மண்டபத்தில் சாப்பிட்ட பலருக்கும் நிலம் உண்டு. அந்த வரி அவர்களுக்கு அதலைக்காயைவிடக் கசந்திருக்கும். அதனால்தான் அது இல்லை என்று நினைக்கிறேன்.

விழாவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேறு மாதிரியும் நடத்துகிறார்கள். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம், டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியின் சங்கங்களில் இருக்கும் தலித் பெண் விவசாயிகள், சங்கராந்தியை ஒட்டிப் பழைய தானிய விதைகளை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ ஒரு மாதம் ஊர் ஊராகப் போகிறார்கள். விதைக்காமல் வரும் கீரைகளையும் சோறு என்று கணக்கில் எடுத்துப் பேசுகிறவர்கள் அவர்கள். அங்கே விழா சாப்பிட வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதில்லை, விதைக்கிறவர்களின் வாசலுக்குப் போகிறது. பேசுவதும் அந்தப் பெண்கள்தான். எங்கள் ஊர் விழாவில் அதலைக்காயைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவர் இருந்தார், அவரைக் குழாயடியில் உட்காரவைத்திருந்தோம்.

'ரசனைக்கு வந்த இடத்தில் பசியைப் பேச வேண்டுமா?' என்று ஒரு நண்பன் கேட்டான். பேச வேண்டும் என்றுதான் சங்கப் புலவர்கள் நினைத்திருக்கிறார்கள். அரசன் சபைக்குப் போய், கொடை கேட்கிற பாட்டில், தன் வீட்டு உப்பில்லாக் கீரையைக் கூச்சமில்லாமல் வைத்தவர் பெருஞ்சித்திரனார். அடைத்த கதவுக்குப் பின்னால் நடந்ததை நத்தத்தனார் சபையில் திறந்து காட்டினார். நம் விழா மேடைகளுக்கு மட்டும் பறம்பு மலை போதும் என்றாகிவிட்டது.

கிளம்பும் முன் அந்த அம்மாவிடம், அதலைக்காய் ஏன் கசந்தது என்று கேட்டேன்.

"நறுக்கிப்பிட்டாகல்ல. நறுக்கக் கூடாது தம்பி. ரெண்டு மொனையையும் கிள்ளிட்டு முழுசா எண்ணெயில போட்டு வதக்கணும்."

"அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"எங்கிட்ட யாரு கேட்டா?" என்றவர், அடுத்த அண்டாவை இழுத்துக்கொண்டார்.