ட்ரில் மெஷினில் மின்னுமா புல்லட் கவர்?

பழைய புல்லட்டின் இடது பக்கச் செயின் கவரைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டுதான். ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றி, கீழே ஆயிலுக்கு ஒரு தட்டு வைத்து, அந்த நட்டைத் தளர்த்தினால் கவர் கையோடு வந்துவிடும். என் 1989 மாடல் வண்டியின் கவரை அப்படிக் கழற்றி வெயிலில் வைத்தபோது அதை அலுமினியம் என்றே சொல்ல முடியவில்லை. உப்புக்காற்றில் சாம்பல் பூத்து, வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி விழுந்திருந்தது. செருப்பு உரசிய இடம் மட்டும் மின்னியது.

சோதித்துப் பார்க்க வாங்கியது, வீட்டு ட்ரில் மெஷினில் மாட்டும் பஃபிங் செட். உள்ளே 75 மி.மீ. துணிச் சக்கரங்கள் மூன்று, பழுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெழுகுக் கட்டிகள். பழுப்பு சுரண்டுவதற்கு, வெள்ளை மெருகுக்கு.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும், பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரும் போதும். காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். இரும்பில் அழுக்கை மட்டும் எடுக்கும் காஸ்டிக், அலுமினியத்தையே தின்னும். நுரைத்து ஹைட்ரஜன் கிளம்பும், வார்ப்பில் கலந்திருக்கும் சிலிக்கான் கறுப்பாக மேலே தங்கிவிடும். ஒரு பட்டறையில் கொடுத்த என் ராக்கர் கவர்கள் இரண்டும் அப்படித்தான் அடிப்பிடித்த சட்டி மாதிரி திரும்பி வந்தன. கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். கீறல் ஒரு பக்கம், பதிந்த இரும்புத் துகள் பின்னால் துருப்பிடிப்பது இன்னொரு பக்கம்.

அடுத்து வாட்டர் பேப்பர். செட் விற்பவர்கள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஆனால் மெருகில் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. 400-இல் தொடங்கி 600, 1000, 1500 வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். ஒவ்வொரு பேப்பருக்கும் திசையைக் குறுக்கே மாற்றினால், முந்தைய கீறல் போனதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். 400-இல் போகாத குழி சக்கரத்தில் போகவே போகாது. பளபளப்பில் இன்னும் எடுப்பாகத்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போயிற்று.

பிறகுதான் சக்கரம். தட்டையான நடுப்பகுதி பத்து நிமிடத்தில் முகம் பார்க்கும் அளவுக்கு வந்தது. ஓர வளைவுகளில் மட்டும் மெழுகு கறுப்பாக அப்பிக்கொண்டு, மெருகு ஏறவில்லை. காரணம் வேகம். 75 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினாலும், அதன் விளிம்பு நொடிக்கு 11 மீட்டர்தான் ஓடுகிறது. அதே சுற்றில் ஓடும் பெஞ்ச் கிரைண்டரில் 150 மி.மீ. சக்கரம் மாட்டினால் 22 மீட்டர். தெரிந்த லேத் பட்டறையில் அப்படி ஒன்றில் பிடித்துப் பார்த்தேன்; வளைவுகள் கால் மணி நேரத்தில் தெளிந்தன. ட்ரில் மெஷினோ அதற்குள் இரண்டு முறை சூடேறி ஓய்வு கேட்டிருந்தது.

கிராங்க்கேஸில் இந்தச் சக்கரத்தை வைக்கவே வேண்டாம். அது சொரசொரப்பான வார்ப்பாகவே தொழிற்சாலையிலிருந்து வந்தது. கண்ணாடியாக்கினால் கல்யாண வீட்டு எவர்சில்வர் போல உறுத்தும். தண்ணீரோடு கண்ணாடி மணிகளை அடிக்கும் வேப்பர் பிளாஸ்டிங்தான் அதற்குப் பொருத்தம். அதுவும் இன்ஜினை முழுதாகப் பிரித்த பிறகே. ஆயில் பாதையில் தங்கும் நான்கு மணிகள் பேரிங்கைத் தின்றுவிடும்.

ஒன்றிரண்டு கவர்தான் என்றால் இந்தச் செட் கொடுத்த காசுக்கு மோசமில்லை. முழு வண்டிக்கும் என்றால் பெஞ்ச் கிரைண்டர் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பேப்பர் வேலையை மட்டும் நீங்களே செய்துகொண்டால் கூலி குறையும். வீட்டில் செய்பவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், கைக்கு உறை போடாதீர்கள்: சுற்றும் சக்கரம் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்தே இழுக்கும்.