அலுவலகத்தில் அரக்கு நிறம்

வேலைக்குப் போகிறவர்களுக்கு உடை பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகள் இப்போது இரண்டு பக்கமாக இழுக்கின்றன. கல்லூரி வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்பில், வெளிர் நீலச் சட்டை, கருப்புப் பேன்ட், டக் இன், பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறம் என்று ஆண்களுக்குச் சொல்கிறார்கள். பெண்களுக்கு, கண்ணை உறுத்தாத நிறத்தில் சுடிதார், பின் குத்திய துப்பட்டா. வகுப்பு முடிந்து அதே மாணவி கைப்பேசியைத் திறந்தால், ரீல்ஸில் ஒருவர் வேறு பாடம் நடத்துகிறார்: சிவப்பு உடுத்துங்கள், மஞ்சள் உடுத்துங்கள், நீங்கள் நுழைந்ததும் அறையே திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்று கூட்டத்தோடு கலந்து நிற்கச் சொல்கிறது. மற்றது தனித்துத் தெரியச் சொல்கிறது. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். உடையைச் சரியாகத் தேர்ந்துவிட்டால் மதிப்பு பின்னாலேயே வந்துவிடும் என்ற அந்த நம்பிக்கையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, எவ்வளவு பூச்சு என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

இந்த வகை அறிவுரைக்கு இன்றைய வடிவத்தைத் தந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ஜான் டி. மொல்லாய். ஆண்களுக்காக அவர் எழுதிய 'டிரஸ் ஃபார் சக்சஸ்' 1975இல் வந்தது. பெண்களுக்கான நூல் 1977இல். ரசனையைப் பற்றி அவர் பேசவில்லை. ஆட்களிடம் கேட்டும் சோதித்தும் திரட்டிய முடிவுகளையே தருவதாகச் சொன்னார். மழைக்கோட்டு பழுப்பு வெள்ளையாக இருந்தால் பார்ப்பவர்கள் அணிந்தவரை மேல் நடுத்தர வர்க்கம் என்று எண்ணுகிறார்கள், கருப்பாக இருந்தால் ஒரு படி கீழே வைக்கிறார்கள் என்பது அவருடைய பெயர்பெற்ற கண்டுபிடிப்பு. பெண்களுக்கு அவர் பரிந்துரைத்தது அடர் நிறத்தில் கோட்டும் பாவாடையும் சேர்ந்த சூட். ஏறத்தாழ ஒரு சீருடை.

இதில் இருக்கும் நன்மையை ஏளனம் செய்துவிட முடியாது. ஒவ்வொரு அலுவலகத்திலும் எழுதப்படாத விதிகள் இருக்கின்றன. அப்பாவும் அத்தையும் அலுவலகம் போன வீட்டுப் பிள்ளைக்கு அவை சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். வீட்டின் முதல் பட்டதாரிக்கு யார் சொல்வார்கள்? பயிற்சி வகுப்பில் ஒருவர் பட்டியல் போட்டுச் சொல்லும்போது, சிலருடைய பரம்பரைச் சொத்தாக இருந்த ஒன்று பொதுவுக்கு வருகிறது. 'சட்டையில் என்ன இருக்கிறது, திறமைதான் முக்கியம்' என்று பெருந்தன்மையாகச் சொல்பவர், பெரும்பாலும் அந்த விதிகளைப் படிக்காமலேயே தெரிந்துவைத்திருப்பவர்.

உடை இங்கே ஒருபோதும் சின்ன விஷயமாக இருந்ததும் இல்லை. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859இல் வந்த அரசாணை அவர்கள் மேலுடை அணியலாம் என்றது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. துணியை அனுமதித்துவிட்டு உடுத்தும் பாணியைப் பறித்துவைத்த ஆணை அது. ஊர் ஊராக நிற்கும் அம்பேத்கர் சிலைகளில் நீலக் கோட்டு வெறும் அலங்காரமல்ல என்பது இந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு விளங்கும். எனவே 'நேர்த்தியாக உடுத்து' என்ற அறிவுரை, மறுக்கப்பட்டவர்களின் வாயிலிருந்து வரும்போது உரிமைக் குரலாக இருக்கிறது.

குறை வேறு இடத்தில் தொடங்குகிறது. மொல்லாயின் முறை அளந்தது உடையை அல்ல, பார்ப்பவரின் முன்முடிவை. கருப்புக் கோட்டுக்காரரைக் கீழே வைப்பது பார்ப்பவரின் கோளாறு. ஆனால் கோட்டை மாற்றும் செலவு அணிபவருடையது. அந்த முன்முடிவுக்கு ஏற்ப எல்லோரும் உடுத்தத் தொடங்கினால் அது இன்னும் உறுதிப்படும். அடுத்த ஆண்டு மறுபடி அளந்தால் முடிவு இன்னும் தெளிவாகவே வரும். அறிவுரை தன்னைத் தானே நிரூபித்துக்கொள்ளும் வட்டம் இது.

சென்னையில் வளர்ந்து பெப்சிகோவின் தலைமைக்கு உயர்ந்த இந்திரா நூயி, 2021இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பான 'மை லைஃப் இன் ஃபுல்'லில் சொல்லும் அனுபவம் இந்த இடத்தில் மிகவும் பயன்படும். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, கையிருப்பைத் திரட்டி வாங்கிய, உடம்புக்குப் பொருந்தாத ஒரு சூட்டில் அவர் கோடைக்கால வேலைக்கான நேர்காணலுக்குப் போனார். கூனிக் குறுகித் திரும்பியவரிடம் வேலைவாய்ப்பு மையத்துப் பொறுப்பாளர், இந்தியாவில் என்றால் என்ன உடுத்துவாய் என்று கேட்டு, அடுத்த முறை புடவையே கட்டிக்கொண்டு போகச் சொன்னார். பூஸ் ஆலன் நிறுவனத்தின் நேர்காணலுக்குப் புடவையில் போனார்; வேலை கிடைத்தது. 'நீ நீயாக இரு' என்ற அறிவுரைக்குச் சான்றாக மேடைதோறும் சொல்லப்படும் கதை இது.

மேடைகளில் விட்டுவிடும் பகுதிகள் இரண்டு. பொருந்தாத சூட்டில் போன முதல் நிறுவனமும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை தர முன்வந்தது. அப்படியானால் உடையின் வலிமை நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. இரண்டாவது, அந்தக் கோடை முழுக்கப் புடவையில் வேலைக்குப் போனவரை, இண்டியானாபோலிஸில் இருந்த வாடிக்கையாளரின் கூட்டத்துக்கு நிறுவனம் அழைத்துப் போகவே இல்லை. உள்ளே ஏற்றுக்கொண்டவர்கள் வெளியே காட்டத் தயங்கினார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகும். பணிந்து உடுத்தினால் கதவு திறக்கும் என்பதும், தன்னியல்பாக உடுத்தினால் எல்லாக் கதவும் திறக்கும் என்பதும் ஒரே மாதிரியான பாதி உண்மைகள்.

இதே அளவுகோலைத் துணிந்த நிறங்களுக்கு வைத்துப் பார்க்கலாம். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2019இல் இளஞ்சிவப்பு மங்கலகிரிப் புடவையிலும், 2023இல் கருஞ்சிவப்புக் கைத்தறிப் பட்டிலும் பட்ஜெட் படித்தார். நாளிதழ்கள் அந்தப் புடவைகளைக் கொண்டாடி எழுதின. பச்சைப் புடவை ஜெயலலிதாவின் முத்திரையாகவே ஆனது. இவர்களைக் காட்டித்தான் 'அடர் நிறம் அதிகாரத்தைத் தரும்' என்று பாடம் எடுக்கிறார்கள். காரண காரியம் இங்கே தலைகீழாகக் கிடக்கிறது. அதிகாரம் முன்பே இருந்ததால் அந்த நிறம் கம்பீரமாகப் பார்க்கப்பட்டது. அதே கருஞ்சிவப்பில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், ஒரு ஜூனியர் வந்து நின்றால் 'என்ன, கல்யாணத்துக்குப் போறியா?' என்ற கேள்விதான் முதலில் வரும்.

சில்வியா பெலெட்சாவும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை ஒட்டியது. மிலான் நகரத்து விலையுயர்ந்த கடைகளின் விற்பனையாளர்கள், ரோமக் கோட்டு அணிந்த பெண்ணைவிட உடற்பயிற்சி உடையில் வந்தவரையே பெரிய வாடிக்கையாளராக மதித்தார்கள். வழக்கத்தை மீறுகிறவருக்கு மதிப்பு கூடுகிறது என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். ஆய்வில் ஒரு நிபந்தனை உண்டு: அந்த மீறல் தெரிந்தே செய்ததாகத் தோன்ற வேண்டும். மீறியவருக்கு விதி தெரியாது என்று பட்டுவிட்டால் அந்த மதிப்பு கிடைக்காது. நம் ஊர் அலுவலகத்தில், ஆங்கிலம் தடுமாறும் முதல் தலைமுறைப் பெண்ணுக்கு 'தெரிந்தே மீறுகிறாள்' என்ற சலுகையை யார் தருவார்கள்? துணிந்த நிறத்தின் பயன், இருக்கும் அந்தஸ்தைப் பெருக்குவதில்தான் அதிகம். இல்லாத அந்தஸ்தை அது உண்டாக்குவதில்லை.

உடை அணிபவரின் மனத்தையே மாற்றுகிறது என்ற வாதமும் உண்டு. மருத்துவர் கோட்டு என்று சொல்லி வெள்ளைக் கோட்டை அணிவித்தால் கவனம் கூடுகிறது என்று ஆடமும் கலின்ஸ்கியும் 2012இல் எழுதியது பயிற்சி வகுப்புகளுக்குப் பிடித்தமான சான்று. 2019இல் வேறு ஆய்வாளர்கள் அந்தச் சோதனைகளில் ஒன்றைத் திரும்பச் செய்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை. பிடித்த உடையில் தெம்பாக இருப்பது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். அதை அறிவியல் விதியாக்கிக் கட்டணம் வாங்குவது வேறு.

நிற அறிவுரையில் மிகப் பழுதான கிளை, தோல் நிறத்தோடு துணி நிறத்தை முடிச்சுப் போடுவது. ஓவிய ஆசிரியர் யோஹானஸ் இட்டன் தன் மாணவர்கள் தம் இயல்புக்கேற்ற நிறங்களையே நாடுவதைக் கவனித்து எழுதினார். அந்தக் கவனிப்பின் தூரத்து வாரிசாக 1980இல் கேரல் ஜாக்சனின் 'கலர் மீ பியூட்டிஃபுல்' வந்தது. மனிதர்களைக் குளிர்காலம், வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நிறப் பட்டியல் கொடுத்தது. வெள்ளையர்களை நான்கு பெட்டிகளில் நுணுக்கமாகப் பிரித்த அந்த முறை, ஆசியரையும் கறுப்பினத்தவரையும் பெரும்பாலும் குளிர்காலம் என்ற ஒரே பெட்டியில் போட்டது. இன்று சியோலிலும் சென்னையிலும் கட்டணத்துக்கு நடக்கும் நிறப் பொருத்தம் பார்ப்பது அதன் தொடர்ச்சிதான்.

நம் வீடுகளில் இதற்குப் பழைய பதிப்பு இருக்கிறது. 'நீ கருப்பு, உனக்கு அடர் கலர் எடுக்காது, லைட்டா ஏதாவது எடு' என்று ஜவுளிக்கடையில் ஒரு சிறுமியிடம் சொல்லும்போது, அங்கே பேசப்படுவது துணியைப் பற்றி இல்லை. தோலைக் குறையாகவும் துணியை அந்தக் குறையை மூடும் மருந்தாகவும் பார்க்கும் பழக்கம் அது. அந்த அறிவுரை கண்ணுக்கும் பொய். கருத்த தோலில் மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்தும் எப்படித் துலங்கும் என்பதற்கு வயல்வெளியே சாட்சி.

அடர் நிறங்களை உடுத்தும் கலையில் தமிழ்நாடு யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை அதற்கு நேரெதிர் நிறம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை என்றால், எது எவ்வளவு பரப்பு என்ற கணக்கில்தான் கண் அமைதி கொள்கிறது. காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி, தடித்த பருத்தியில் மஞ்சளும் செங்கல் சிவப்புமாக நெய்யப்பட்டு வேலைக்கும் வெயிலுக்கும் துவையலுக்கும் தாங்கியது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் 'எம்.எஸ். புளூ' என்று ஒரு நீலமே வழங்குகிறது. கச்சேரி மேடை அவருக்குப் பணியிடம், அந்தப் பட்டு பணிக்கான உடை. அடர் நிறம் விழாவுக்கு, வெளிறிய நிறம் வேலைக்கு என்ற பிரிவினை நம் நெசவு மரபிலிருந்து வரவில்லை. அலுவலகங்களோடும் நீதிமன்றங்களோடும் வந்தது. பெண் வழக்கறிஞரின் புடவை வெள்ளை, கருப்பு அல்லது அடங்கிய நிறத்தில், அச்சோ வேலைப்பாடோ இல்லாமல் இருக்க வேண்டும் என்று இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் விதி இன்றும் சொல்கிறது.

அறிவுரையாளர்கள் பேசாமல் விடும் நடைமுறைகளும் பல. நேர்காணலுக்குப் பரிந்துரைக்கும் வெளிர் நீலச் சட்டைதான் வியர்வையை அதிகம் காட்டிக்கொடுக்கும். மே மாதத்தில் பேருந்து மாறி வருகிறவருக்கு அது மோசமான தேர்வு. காணொளி நேர்காணலில் பளீர் வெள்ளை உடுத்தினால், கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், கருத்த முகம் இன்னும் இருண்டு தெரியும். நடுத்தர அடர்வில் ஒரு நீலமோ பச்சையோ அங்கே உதவும். நெருக்கமான கோடுபோட்ட சட்டை திரையில் அலைபாயும். மலிவான அடர் நிறப் பருத்தி சில துவையலில் சாயம் போய்ப் பழசாகிவிடும். அந்தப் பணத்தில் ஒரே சட்டையைத் தையல்காரரிடம் கொடுத்துத் தோளுக்குச் சரியாகப் பிடித்துக்கொள்வது மேல். உடம்புக்குப் பொருந்துவதும் இஸ்திரி போட்டிருப்பதும் நிறத்தைவிட அதிகம் பேசும். ஆனால் இவற்றை வைத்துப் பரபரப்பான ரீல் எடுக்க முடியாது.

ஆக, உடை அறிவுரை ஓர் அறையின் விதியைத் தெரிவிக்கும் தகவலாக இருக்கும்வரை பயனுள்ளது. இந்த விதி யாருடையது, பின்பற்ற எவ்வளவு செலவாகும், எப்போது மீறலாம் என்று சேர்த்துச் சொன்னால் அது நேர்மையானது. விதியை அழகின் இலக்கணமாகவும், தோலின் பரிகாரமாகவும், தன்னம்பிக்கையின் குறுக்குவழியாகவும் வேடமிட்டு விற்கும்போது கெட்டுப்போகிறது. துணிந்த நிறம் உடுத்தச் சொல்வதில் தவறில்லை. யாரிடம் சொல்கிறோம் என்பதுதான் மாற வேண்டும். நேர்காணலுக்கு வரிசையில் காத்திருக்கும் பெண்ணிடம் அதைச் சொல்வது, இழக்க ஒன்றும் இல்லாதவர் இழக்க நிறைய இருப்பவரிடம் சூதாடச் சொல்வது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முதலில் அரக்கு நிறத்தில் வரட்டும்; எதிரில் அரக்கு நிறத்தில் வந்தவளுக்கு மதிப்பெண் குறைக்காமல் இருக்கட்டும். அதன்பிறகு இந்த அறிவுரைக்கே பெரிதாக வேலை இருக்காது.