பாதி பானட், முழு பில்

கார் டீட்டெய்லிங் கடைக்காரர் கையில் இருக்கும் விற்பனைக் கருவிகளில் மிக மலிவானது மாஸ்கிங் டேப். பானட்டின் நடுவே நீளவாக்கில் அதை ஒட்டுவார். ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் மெஷின் ஓடும். கொஞ்ச நேரத்தில் டேப்பை உரித்து எல்.இ.டி. விளக்கைப் பிடித்தால், ஒரு பாதி கண்ணாடியாக மின்னும்; மறுபாதியில் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல்கள். அதற்கு மேல் பேச்சே தேவையில்லை. வாட்டர் வாஷுக்கு மட்டும் வந்தவர் அதைவிடப் பல மடங்கு தொகைக்குத் தலையாட்டிவிடுவார்.

இந்த வித்தையும் அதைச் சுற்றிச் சொல்லப்படும் காரணங்களும் எவ்வளவு தேறும் என்று பார்க்க, அரியலூர், பெரம்பலூரைவிடக் கடுமையான சோதனைக்களம் கிடைப்பது அரிது. அரியலூரைச் சுற்றி ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், அரசின் டான்செம் என்று சிமெண்ட் ஆலைகள். அவற்றுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகளுக்குப் பின்னால்தான் ஊர்க் கார்கள் ஓடுகின்றன. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் சிப்பி ஓடுகள் படிந்து உண்டானது. அந்தக் கடல்தான் இன்று தூளாகி நம் பானட் மேல் உட்காருகிறது. பெரம்பலூர்ப் பக்கம் ஜல்லியும் எம்-சாண்டும். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் 3, கருங்கல் தூளில் இருக்கும் குவார்ட்ஸ் 7. காரின் மேல்பூச்சோ ஒருவகை பிளாஸ்டிக். இரண்டுமே அதைக் கீறும்.

ஆனால் தூசி சும்மா கிடந்தால் பெரும்பாலும் கீறுவதில்லை, தேய்த்தால்தான் கீறும். ஒரே பக்கெட் தண்ணீரில் நான்கு வண்டிகளைக் கழுவிவிட்டு, தரையில் விழுந்த துணியை உதறி அதிலேயே துடைப்பது, அவசரத்துக்குப் பனியன் வேஸ்ட்டை எடுப்பது, காலையில் வீட்டு வாசலில் காய்ந்த துணியால் தூசி தட்டுவது: விளக்கு வெளிச்சத்தில் தெரியும் கீறல்களில் பெரும்பங்கு இப்படி வந்தவை. அதாவது, பாலிஷ் போடச் சொல்லும் கடையின் வாட்டர் வாஷ் பகுதியே அந்தக் கீறல்களை உண்டாக்கியிருக்கலாம். இதைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வியாபாரம் கூடும் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பாதி பானட் வித்தை. அது பொய்யில்லை, ஆனால் எளிதில் பொய்யாக்கிவிடலாம். எண்ணெயும் மெழுகும் கலந்த சில பாலிஷ்கள் கீறலை நீக்காமல் அதன் பள்ளத்தை நிரப்பி மறைத்துவிடும். அன்றைக்குப் பளபளக்கும், சில வாட்டர் வாஷுக்குள் கீறல்கள் திரும்பி வரும். கண்டுபிடிக்க வழி உண்டு. பாலிஷ் போட்ட பாதியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் போய்விடும். அதன் பிறகும் கீறல் தெரியாவிட்டால்தான் வேலை நடந்திருக்கிறது. அடுத்து, வண்டியை வெயிலுக்குத் தள்ளச் சொல்லுங்கள். கடைக்குள் இருக்கும் விளக்கு கீறலைத் தேடிக் காட்டவே செய்யப்பட்டது. நாம் காரைப் பார்ப்பது பெரம்பலூர்ப் பாலக்கரை வெயிலில். இந்தியாவில் அதிகம் விற்கும் நிறம் வெள்ளை. வெள்ளைக் காரில் இந்த வலைக்கீறல்கள் வெயிலில்கூட லேசில் தெரிவதில்லை. கறுப்பு, அடர்நீல வண்டிக்காரருக்கு இருக்கும் நியாயமான கவலையை வெள்ளை ஸ்விஃப்ட்காரர் தலையில் கட்டுவது வியாபாரத் திறமைதான், ஆனால் நேர்மையான வேலை ஆகாது.

இரண்டாவது காரணம், “அண்ணே, பாலிஷ் போட்டா பெயிண்டுக்குப் பாதுகாப்பு.” இது நேர் தலைகீழ். தொழிற்சாலையில் பூசிய பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 40 மைக்ரான் அளவுதான், ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்த அடுக்கு. பாலிஷ் என்பது கீறலின் அடி மட்டம்வரை அந்த அடுக்கைச் சீவி எடுப்பது. அம்மி கொத்துவதைப் போல, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கல் குறையும். நன்றாகக் காம்பவுண்ட் போட்டால் ஒரு தடவைக்குச் சில மைக்ரான் போகும். ஆயுளில் ஓரிரு முறை என்றால் தாங்கும். வருடா வருடம் பேக்கேஜ் என்று விற்றால், அது பாதுகாப்பைக் காசு கொடுத்துக் கரைப்பது. விளிம்புகளிலும் பாடி லைன்களிலும் பூச்சு மெலிந்திருக்கும் என்பதால் அங்கே மெஷின் ஒரு நொடி அதிகம் நின்றாலும் அடிநிறம் தெரிந்துவிடும். பெயிண்ட் கேஜ் வைத்து அளக்காமல் மெஷினைக் கையில் எடுப்பவரிடம் வண்டியை விடக்கூடாது. அந்தக் கேஜ் இன்னொன்றையும் காட்டும்: ஒரு கதவு மட்டும் 250 காட்டினால், அது டிங்கரிங் பார்த்து மறுபடி பெயிண்ட் அடித்த கதவு.

மூன்றாவது, விற்கும்போது விலை கூடும் என்பது. பழைய பொலிரோவுக்கு வரும் புரோக்கர் இன்ஜின் சத்தம், டயர், ஆர்.சி., இன்சூரன்ஸ் பார்த்துவிட்டுத்தான் பானட்டுக்கு வருவார். பளபளப்பு பேரத்தைச் சீக்கிரம் முடிக்க உதவும். போட்ட காசைத் திருப்பித் தரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை.

நான்காவது காரணத்தில் பாதி உண்மை இருக்கிறது: செராமிக் கோட்டிங் போடுமுன் பாலிஷ் கட்டாயம். கோட்டிங் கெட்டியான பிறகு அதன் கீழே மாட்டிய கீறலை எடுக்க வேண்டுமானால் கோட்டிங்கையே தேய்த்து எடுக்க வேண்டும். எனவே வரிசை சரி. தடுமாறுவது கோட்டிங்குக்குச் சொல்லும் பெருமையில். “9ஹெச் கடினம், கல்லு பட்டாலும் ஒண்ணும் ஆகாது” என்பார்கள். அந்த 9ஹெச் பென்சில் முனைகளால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மோ அளவுகோலில் 9 என்பது குருந்தக்கல். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. லாரி தெறிக்கும் ஜல்லியை எந்தக் கோட்டிங்கும் தடுக்காது. டெஃப்லான் கோட்டிங் இதைவிட மோசம். டெஃப்லான் உருகுவது 327 டிகிரியில். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் அதைச் சூளையில் சுட்டுப் பிடிக்க வைக்கிறார்கள். பானட்டை யாரும் சூளையில் வைப்பதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய் உத்தரவாதம் தருவதும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் சேரும். போர்டில் ஐந்து வருடம் என்று எழுதுபவர்கள் அதை ஒருமுறை படிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் பாலிஷுக்கு இந்த மண்ணில் உண்மையான ஒரு வழக்கு இருக்கிறது. யாரும் அதை வாதாடி நான் கேட்டதில்லை. இங்கே சுண்ணாம்பு மண்ணின் போர்த் தண்ணீர் வெயிலில் சூடான பானட்டில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். சிமெண்ட் தூள் பனியில் நனைந்தால் கடுமையான காரமாகும். பூச்சை அரித்துப் பள்ளம் போடும். புள்ளி புதிதாக இருந்தால் மிதமான அமிலம் போதும், வினிகர்கூட. அதைக் கரைக்காமல் நேரே மெஷின் வைத்தால் அந்தத் துகளே அரமாகி மேலும் கீறும். கரைத்த பிறகும் பள்ளம் மிஞ்சினால் அங்கே பாலிஷுக்கு வேலை உண்டு, அந்தப் பேனலுக்கு மட்டும்.

ஆகவே என் தீர்ப்பு: அடர்நிற வண்டி, அரிப்புத் தடம் விழுந்த பேனல், கோட்டிங் போட முடிவுசெய்த கார், இவற்றுக்குப் பாலிஷ் விற்கலாம். கேட்கும் கூலியும் நியாயம்தான். ஒழுங்காக ஒரு காரை முடிக்க ஒரு ஆளுக்கு ஏறக்குறைய முழு நாள் பிடிக்கும். பேடும் காம்பவுண்டும் தனிச் செலவு. மற்றவர்களிடம் அதைப் பாதுகாப்பு என்று சொல்லி விற்பது ஏமாற்று. விற்கிற கடைக்கு ஒரு நிபந்தனை: இரண்டு பக்கெட், சுத்தமான மைக்ரோ ஃபைபர் துணி என்று தன் வாட்டர் வாஷை முதலில் மாற்ற வேண்டும். “கீறல் எங்க துணியாலயும் வந்திருக்கலாம், இனி வராது” என்று சொல்லக்கூடிய கடைக்காரரிடம் நான் பாலிஷுக்குப் பணம் கொடுப்பேன். பேனல் பேனலாக எடுத்த மைக்ரான் அளவை, வேலைக்கு முன்னும் பின்னும், பில்லின் பின்புறம் எழுதித் தர வேண்டும். அதற்கு மறுப்பவரிடம் வெறும் வாஷ் போதும்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். சந்தனம், குங்குமம் வைக்கும் நாளுக்குள் வண்டி மின்ன வேண்டும் என்று அப்போது வரிசை கட்டி நிற்கும்; ஒரு காருக்கு ஒரு நாள் பிடிக்கும் வேலையை அந்த வரிசையில் யாராலும் செய்ய முடியாது. அந்த வாரம் இரண்டு மணி நேரத்தில் பாலிஷ் முடித்துத் தருகிறோம் என்று சொன்னால், கீறல் போகாது, பள்ளம்தான் நிரம்பும்.