இறக்கத்தில் இருக்கிறது சோதனை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் சுரங்க ஊர் லெட்வில். சுரங்கம் மூடப்பட்டு ஊரே வேலையிழந்து தவித்த நேரத்தில், 1983-இல், சுரங்கத் தொழிலாளி கென் குளோபர் அங்கே 100 மைல் ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கினார். 1994-இல் அதே தூரத்துக்கு மலை சைக்கிள் பந்தயமும் வந்தது. இரண்டையும் உள்ளடக்கிய 'லெட்மேன்' தொடரில் பெயர் கொடுப்பவர், ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை 160 கி.மீ. சைக்கிள் மிதிக்க வேண்டும். மறுநாள் 10 கி.மீ. ஓட வேண்டும், அடுத்த சனிக்கிழமை 160 கி.மீ. ஓட வேண்டும்.

இதில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி எடுப்பவர்கள். வாரத்தில் கிடைக்கும் சில மணி நேரத்தைச் சைக்கிளுக்குக் கொடுப்பதா, ஓட்டத்துக்குக் கொடுப்பதா என்பதுதான் அவர்களது தலைவலி.

சைக்கிள் பயிற்சியால் இதயமும் நுரையீரலும் பெறும் வலு ஓட்டத்துக்கும் அப்படியே உதவும். வயிற்றுக்கும் அது நல்ல பள்ளிக்கூடம். நீண்ட பந்தயத்தில் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடும்போது வயிறு குலுங்குவதால் சாப்பிட்டது தங்குவது கஷ்டம். சீட்டில் உட்கார்ந்தபடி சாப்பிட்டுப் பழகிய வயிறு, பிறகு ஓட்டத்திலும் ஓரளவு ஒத்துழைக்கும்.

கணக்கு தப்புவது இறக்கத்தில். சைக்கிள்காரருக்கு இறக்கம் என்றால் ஓய்வு. பெடலை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கலாம். ஓடுபவருக்கோ ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டும். தசை நார்கள் நுண்ணிய அளவில் கிழிவது அப்போதுதான். பெடல் மிதிப்பதில் இந்த வேலையே கிடையாது. லெட்வில் ஓட்டத்தில் 3,800 மீட்டருக்கு மேலுள்ள ஹோப் கணவாயைப் போகும்போதும் திரும்பும்போதும் கடக்க வேண்டும். ஏறக்குறைய 90 கி.மீ. ஓடிய கால்களோடு, திரும்பும் வழியில் 1,000 மீட்டர் இறங்கினால், மிச்சமிருக்கும் தூரத்தை நடந்தே தீர்க்கவேண்டிய நிலை பலருக்கு.

ஓட்டக்காரர் சரளைச் சாலை சைக்கிளுக்குப் போனாலும் இறக்கம் விடாது. கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் 2006-இல் 34 பேருடன் தொடங்கியது இன்றைய 'அன்பவுண்ட் கிராவல்'. முக்கியப் பிரிவின் தூரம் 200 மைல், அதாவது 320 கி.மீ. பாதையெங்கும் கூரான சிக்கிமுக்கிக் கற்கள். ஏற்றத்தில் மெதுவாக உருளும் டயர், இறக்கத்து வேகத்தில் அதே கல்லில் பட்டால் கிழிகிறது. காற்றை அதிகம் அடைத்தால் கைகள் மரத்துப்போகும். குறைத்தால் ரிம் அடிபடும். வழியை முன்கூட்டியே பார்த்து ஓட்டவும், பஞ்சரைச் சாலையோரத்தில் தானே சரிசெய்யவும் தெரியாதவருக்கு எத்தனை வலுவான நுரையீரல் இருந்தும் பயனில்லை. 2023-இல் சேறு சக்கரங்களைக் கவ்விக்கொள்ள, முன்னணி வீரர்களே சைக்கிளைத் தோளில் சுமந்து நடந்தார்கள்.

லெட்வில் ஓட்டத்துக்கு 30 மணி நேரம் தருகிறார்கள். அப்படியென்றால் மணிக்கு 5.3 கி.மீ., வேக நடைதான். ஆனாலும் பல ஆண்டுகளில் பாதிப் பேர் வரை முடிப்பதில்லை. வேகம் இல்லாததால் தோற்றார்கள் என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தரவில்லை. பத்து உதவி நிலையங்களில் கால் மணி நேரம் வீதம் உட்கார்ந்தாலே இரண்டரை மணி நேரம் கரைந்துவிடும். தொடை போனவர்தான் நாற்காலியை விட்டு எழ மாட்டார்.

ஆகவே நேரம் குறைவாக உள்ள அமெச்சூருக்கு என் பரிந்துரை: மூச்சுக்கான நீண்ட பயிற்சியைச் சைக்கிளிலேயே வைத்துக்கொள்ளலாம், மூட்டுக்கும் அது நல்லது. கிடைக்கும் கொஞ்ச ஓட்ட நேரத்தைச் சமதளத்தில் வீணாக்காமல் மலை இறக்கத்தில் செலவிட வேண்டும். ஓரிரு முறை இறங்கி ஓடி வலித்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே அடியைக் குறைந்த சேதத்தோடு தாங்கும். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு முறையாவது அந்த வலியை வாங்கிக்கொள்வது, வாரக் கணக்கில் கூட்டும் கிலோமீட்டர்களைவிட லாபமான முதலீடு.