சீமான் வீட்டுச் சிரிப்பு

சிரிப்புப் படந்தானே, பார்த்தோம், மறந்தோம் என்று போய்விடலாம் என்பர் சிலர். மறக்க முடியவில்லையே! 1930களில் அமெரிக்காவில் பிறந்து, 'ஸ்க்ரூபால்' நகைச்சுவை எனப் பெயர் பெற்ற படங்களை எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் தேடிப் பார்க்கின்றனர். பேஸ்பால் ஆட்டத்தில், எதிர்பாராத பக்கம் திரும்பி ஏய்க்கும் பந்துக்கு அந்தப் பெயர். படங்களும் அவ்வாறே. கோமாளியைக் கண்டு சிரிக்க உட்காருகிறோம். கோமானைக் கண்டு சிரித்துவிடுகிறோம்!

1929இல் பங்குச் சந்தை சரிந்தது. 1933இல் அந்நாட்டுத் தொழிலாளருள் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. அந்த வாட்டம் தீராத 1936இல் வந்தது, கிரெகரி லா காவா இயக்கிய 'மை மேன் காட்ஃப்ரே'. செல்வர் கூடி ஒரு போட்டி நடத்துகின்றனர்: யாருக்கும் வேண்டாதவற்றைத் தேடிக் கொணர வேண்டும். ஆடு வருகிறது, குரங்கு வருகிறது. பட்டியலில் 'மறக்கப்பட்ட மனிதன்' ஒருவனும் உண்டு! வறியோரைக் குறிக்க 1932இல் ரூஸ்வெல்ட் வானொலியில் ஆண்ட சொல் அது. ஆற்றங்கரைக் குப்பைமேட்டில் வாழ்பவனை அழைத்துவந்து, ஆட்டுக்கும் குரங்குக்கும் நடுவே மேடையேற்றுகிறாள் சீமான் மகள். சிரிக்கிறோம், சிரித்த வாய் மூடுமுன் நெஞ்சு சுடுகிறது. பசித்தவனைப் பண்டமாக்கும் பணத்திமிரை இதனினும் கூர்மையாக எந்தச் சொற்பொழிவு காட்டும்?

ஆனால், அந்தக் குப்பைமேட்டு மனிதன் பாஸ்டன் நகரத்துப் பெருங்குடும்பத்துப் பிள்ளையாம்! பங்கு வாங்கி விற்று, நொடித்துப்போன சீமானையும் காப்பாற்றுகிறானாம். ஏன், ஏழையாகவே பிறந்தவனுக்கு அறிவும் பண்பும் இருத்தலாகாதோ? ஆண்டி வேடத்தில் அரசகுமாரன் வரும் பழங்கதைக்குப் புதுச் சட்டை, அவ்வளவே.

நாம் பெரிதும் மதிப்பது 1940இல் ஹோவர்ட் ஹாக்ஸ் தந்த 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'. 1928இல் வெளிவந்த 'தி ஃப்ரண்ட் பேஜ்' என்னும் நாடகத்தில் செய்தியாளன் ஹில்டி ஆண், ஹாக்ஸ் பெண்ணாக்கினார். அந்த ஒரு மாற்றத்தால் கதைக்குப் புத்துயிர்! முன்னாள் கணவன் வால்டரே அவளுடைய ஆசிரியன். மறுமணம் செய்து அமைதியாக வாழப் புறப்படும் அவளை, பத்திரிகைக்கே திருப்பிவிட அவன் சூழ்ச்சி செய்கிறான். ஒருவர் பேச்சை முடிக்குமுன் மற்றவர் தொடங்குகிறார். சொல்லுக்குச் சொல், வெட்டுக்கு வெட்டு! 1934 முதல் ஹாலிவுட்டில் ஒழுக்க விதிகள் இறுகின. உடலால் காட்டக்கூடாத காதலை உரையாடலால் காட்டினர். அடங்கி நடப்பதே பெண்ணுக்கு அழகு என்பார், ரோசலிண்ட் ரஸ்ஸல் தட்டச்சுப் பொறிமுன் அமரும் காட்சியைக் காணட்டும்!

இத்தனை சிரிப்புக்கும் நடுவே தூக்குமேடை நிற்கிறது. தேர்தல் வெற்றிக்காக ஒருவனைத் தூக்கிலிடத் துடிக்கின்றனர் மேயரும் ஷெரீபும். ஆளுநரின் ஆணை தண்டனையை நிறுத்த வந்ததும், கொணர்ந்தவனுக்கு வேலை ஆசை காட்டித் திருப்பி அனுப்புகின்றனர். வாக்குக்கு விலையாக ஓர் உயிர்! கண்ணீர்ப் படமாயின் அழுது ஓய்ந்திருப்போம். இங்கோ அதிகாரம் அசடு வழிய நிற்கிறது. அந்த அசட்டு முகம் நினைவைவிட்டு அகல்வதில்லை.

எனினும் ஹாக்ஸுக்கு இறுதிவரை துணிவில்லை. வால்டர் உண்மையிலேயே தன்னைப் போகவிடுகிறான் என்றெண்ணி, அத்தனை ஆண்களையும் சொல்லால் மடக்கிய ஹில்டி அழுகிறாள். பிறகு வால்டர் கைவீசி முன்னே நடக்கிறான். பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னே போகிறாள் அவள்.