ஆங்கிலப் பேச்சில் ஒலியழுத்தமும் பொருள் மாற்றமும்: ஒரு விமர்சனப் பார்வை

ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் ஓர் அசையையோ, ஒரு வாக்கியத்தின் ஒரு சொல்லையோ மற்றவற்றினும் எடுப்பாக ஒலிப்பது ஒலியழுத்தம் எனப்படும். சொல்லுக்குள் வருவது சொல்லழுத்தம். வாக்கியத்தில் வருவது வாக்கிய அழுத்தம். நம் வகுப்பறைகளில் முதலாவது மட்டுமே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. பொருளை அதிகம் மாற்றுவது இரண்டாவது. தமிழ் மாணவருக்கு உண்மையில் உதவுவது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அழுத்தம் பெறும் அசைக்கு முன் ˈ என்ற குறி இடப்பட்டுள்ளது.

சொல்லழுத்தம்

வழக்கமாகக் கற்பிக்கப்படும் விதி இது: ஈரசைச் சொற்கள் சில, முதல் அசையில் அழுத்தம் பெற்றால் பெயர்ச்சொல், இரண்டாம் அசையில் பெற்றால் வினைச்சொல். ˈரெ-கார்ட் என்றால் பதிவு. ரி-ˈகார்ட் என்றால் பதிவு செய். ˈஎக்ஸ்-போர்ட் ஏற்றுமதி, எக்ஸ்-ˈபோர்ட் ஏற்றுமதி செய். வேறு சில சொற்களில் பொருளே மாறிவிடும். ˈகான்-டென்ட் என்பது உள்ளடக்கம்; கன்-ˈடென்ட் என்பது மனநிறைவு. ˈஇன்-வ-லிட் நோயாளியைக் குறிக்கும். இன்-ˈவே-லிட் செல்லாததைக் குறிக்கும்.

இந்த விதியை மிகைப்படுத்திச் சொல்வது மாணவரைத் திசை திருப்பும். ரிப்போர்ட், கன்ட்ரோல் ஆகியவை பெயராக வந்தாலும் வினையாக வந்தாலும் இரண்டாம் அசையிலேயே அழுத்தம் பெறும். ஆன்சர், ப்ராமிஸ் ஆகியவை எப்போதும் முதல் அசையில் பெறும். மேலும், விதிக்கு உட்பட்ட சொற்களிலும் பெயரா வினையா என்பதை வாக்கியத்தில் அச்சொல் நிற்கும் இடமே பெரும்பாலும் காட்டிவிடும். அழுத்தம் தவறினால் கேட்பவர் ஒரு கணம் தயங்கலாம்; பொருள் தலைகீழாவது அரிது.

கூட்டுச்சொற்களில் அழுத்தத்தின் வேலை கூடுதல். ˈபிளாக்போர்டு என்றால் கரும்பலகை. பிளாக் ˈபோர்டு என்றால் கருப்பு நிறமுள்ள ஏதோ ஒரு பலகை. இன்று பல பள்ளிகளில் எழுதும் பலகை பச்சை நிறத்தில் இருக்கிறது. ஆனாலும் அது ˈபிளாக்போர்டுதான்.

அழுத்தம் என்பது உரத்த குரலா?

"அழுத்திச் சொல்" என்றதும் மாணவர் குரலை உயர்த்திக் கத்துகிறார். இது சொல்லால் வந்த குழப்பம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த டென்னிஸ் ஃப்ரை 1955, 1958 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட சோதனைகள் இதைத் தெளிவாக்கின. அழுத்தத்தை உணர்வதில் ஒலியின் உரப்பைவிட அதன் நீளம் அதிகம் உதவுகிறது என்றும், சுருதி மாற்றம் வலுவான அடையாளம் என்றும் அவர் காட்டினார். அழுத்தம் பெறாத அசையில் உயிரொலி மங்கிவிடுவதும் உண்டு. ரி-ˈகார்ட் என்பதில் முதல் அசை 'ரெ' ஆக இல்லாமல் 'ரி' எனத் தேய்வது அதனால்தான். ஆகவே ஓர் அசையை உரக்கச் சொல்வதைவிட, அதை நீட்டி, பக்கத்து அசையைச் சுருக்குவதே சரியான பயிற்சி.

தமிழில் இந்த வேலையைச் செய்வது எது?

தமிழில் அசையழுத்தம் இடம் மாறினால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. குறில், நெடில், இரட்டித்த மெய் ஆகியவையே பொருளைப் பிரிக்கின்றன: படு, பாடு, பட்டு. எனவே தமிழ்ச் செவி நீளத்தை நுட்பமாகக் கேட்கும். அழுத்தத்தைத் தனியாகத் தேடாது. இது குறைபாடு அல்ல, மொழியின் அமைப்பு. 'ஹோட்டல்' என்று தமிழில் முதல் அசையை எடுத்துச் சொல்வது தமிழுக்குச் சரியே. ஆங்கிலத்தில் மட்டும் அது ஹோ-ˈடெல்.

வாக்கியத்தில் ஒன்றை வலியுறுத்தத் தமிழ் இடைச்சொல்லையும் தொடரமைப்பையும் பயன்படுத்துகிறது. ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் கூறும் ஐந்து பொருள்களில் தேற்றமும் பிரிநிலையும் உண்டு. ஆங்கிலேயர் குரலால் செய்வதை நாம் ஏகாரத்தாலும் 'தான்' என்பதாலும் செய்கிறோம். குரலுக்குத் தமிழில் வேலையே இல்லை என்பதும் பிழை. எழுத்தால் ஒன்றாக இருந்து பொருளால் வேறுபடும் தொடர்களை இசையால் பிரித்தறிய வேண்டும் என்ற கருத்து தொல்காப்பிய எழுத்ததிகாரத்திலேயே உள்ளது.

வாக்கிய அழுத்தம்

அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தகைய சிற்பம் ஒன்றைக் காட்டி ஒருவர், "மை பிரதர் கார்வ்ட் திஸ் ஸ்டாச்சூ" என்கிறார் எனக் கொள்வோம். சொற்கள் மாறாமல் அழுத்தம் மட்டும் இடம் மாறினால்:

• மை: செதுக்கியது என் தம்பி, வேறொருவர் தம்பி அல்ல.
• பிரதர்: செதுக்கியது தம்பிதான், அப்பா அல்ல.
• கார்வ்ட்: செதுக்கியே செய்தான், விலைக்கு வாங்கவில்லை.
• திஸ்: செதுக்கியது இந்தச் சிலையைத்தான், அதோ அதை அல்ல.

தமிழில் ஒவ்வொரு முறையும் தொடரே மாறுகிறது. ஆங்கிலத்தில் குரல் மட்டும் மாறுகிறது. இதை அறியாத மாணவர் எல்லாச் சொல்லையும் ஒரே எடுப்பில் சொல்கிறார். அல்லது 'தான்' என்பதை அப்படியே பெயர்த்து, "ஐ ஆம் இன் பெரம்பலூர் ஒன்லி" என்கிறார். பெரம்பலூரில்தான் இருக்கிறேன் என்பது அவர் கருத்து. அயல்நாட்டார் காதில் 'பெரம்பலூரில் மட்டும்' என்று விழக்கூடும். பெரம்பலூர் என்ற சொல்லைக் குரலால் எடுத்திருந்தால் 'ஒன்லி' தேவைப்பட்டிருக்காது.

ஆய்வுகள் சொல்வது

ஐதராபாத்தின் மத்திய ஆங்கில நிறுவனம் 1969 இல் வெளியிட்ட ஆர். கே. பன்சாலின் ஆய்வு, இந்தியர் பேசும் ஆங்கிலம் பிற நாட்டாருக்கு எவ்வளவு புரிகிறது என்று அளந்தது. புரியாமைக்கான காரணங்களில் தவறான சொல்லழுத்தத்தையும் அது சேர்த்தது. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000 ஆம் ஆண்டு நூலில் வேறு முடிவுக்கு வந்தார். பல நாட்டார் தமக்குள் ஆங்கிலம் பேசும்போது சொல்லழுத்தம் இன்றியமையாதது அல்ல, வாக்கியத்தின் முதன்மை அழுத்தமே இன்றியமையாதது என்றார். ஜான் ஃபீல்டின் 2005 ஆம் ஆண்டு ஆய்வு இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது: சொல்லழுத்தம் பிந்திய அசைக்கு நகர்ந்தால் அதிகக் குழப்பம், முந்திய அசைக்கு நகர்ந்தால் குறைவு. நம்மவரின் 'ஹோட்டல்' இரண்டாம் வகை.

ஜான் கம்பர்ஸ் 1982 இல் எழுதிய நூலில் வரும் ஒரு நிகழ்வு இங்கே கருதத்தக்கது. பிரிட்டனில் ஒரு விமான நிலைய உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று புகார் எழுந்தது. அவர்கள் 'கிரேவி' என்ற சொல்லைக் குரல் இறங்கச் சொன்னார்கள். ஆங்கிலேயர் ஏற்றிச் சொல்வர். இறங்கிய குரல் "இது குழம்பு, விருப்பமிருந்தால் எடு" என்பதுபோல் பட்டது. சொல்லிலோ சொல்லழுத்தத்திலோ பிழை இல்லை. குரலின் ஏற்ற இறக்கம் அவர்களின் குணத்தைப் பற்றிய தீர்ப்பாகிவிட்டது. நேர்முகத் தேர்வில் உட்காரும் தமிழ்வழி மாணவருக்கும் இதே ஆபத்து உண்டு.

மதிப்பீடு

பொதுத்தேர்வின் விடைத்தாளில் குரல் கேட்காது. அதனால் 'ரெகார்ட்' பட்டியலை மனப்பாடம் செய்வதோடு பாடம் முடிந்துவிடுகிறது. வரிசை மாற வேண்டும். முதலில் வாக்கிய அழுத்தம்: ஒரே வாக்கியத்தை "யார் செதுக்கினார்?", "எதைச் செதுக்கினார்?" போன்ற வெவ்வேறு கேள்விகளுக்குப் பதிலாகச் சொல்லிப் பழகலாம். தமிழில் 'தான்' எங்கே வருகிறதோ, ஆங்கிலத்தில் குரல் அங்கே எழ வேண்டும் என்பது எளிய வழிகாட்டி. சொல்லழுத்தத்தைப் புதுச்சொல் கற்கும்போதே அகராதியில் பார்த்துச் சேர்த்துக் கற்கலாம்.

தர்ட்டீன், தர்ட்டி போன்ற எண்களில் தனிக் கவனம் வேண்டும்; விலை பேசும்போது 13க்கும் 30க்கும் இடையே பணம் இருக்கிறது. தர்-ˈடீன் என்பதே அகராதி காட்டும் ஒலிப்பு. ஆனால் பின்னால் ஒரு பெயர் வந்தால் அழுத்தம் முதல் அசைக்குத் தாவிவிடும். அப்போது காப்பாற்றுவது நெடிலும் இறுதி னகரமும்தான். நெடிலை நெடிலாகவே ஒலிப்பது தமிழ் மாணவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.