தவறவிட்டதையும் எண்ணும் கலை

பெங்களூரு கோரமங்கலாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வேர் சென்னையில் இருக்கிறது. 1786-இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தன் வீட்டிலேயே அமைத்த வானாய்வகம் அது. அதன் வழிவந்த சென்னை வானாய்வகத்தில் டி.ஜி. டெய்லர் 11,000 விண்மீன்களின் இடங்களை அளந்து பட்டியலிட்டார். எண்ணிப் பதிவது இந்த நிறுவனத்துக்குப் பரம்பரைத் தொழில். தொலைதூர விண்மீன் திரள்களை எண்ணும் வழிகளையும் அந்தக் கண்ணோடுதான் எடைபோட வேண்டும்.

முதலில் வந்தது நீல மரபு. பழைய ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியையே நன்றாக வாங்கின. லிக் வானாய்வகத்தின் ஷேனும் விர்ட்டனெனும் தகடுகளைக் கண்ணால் பார்த்தே ஏறத்தாழ பத்து லட்சம் திரள்களை எண்ணி, 1967-இல் வெளியிட்டார்கள். மலைக்க வைக்கும் உழைப்பு! 1980-களில் சிசிடி என்ற மின்னணு ஒளியுணரி வந்ததும், மங்கலான நீலத் திரள்கள் எதிர்பார்த்ததைவிட ஏராளமாக அகப்பட்டன. ஆனால் பிரபஞ்ச விரிவு ஒளியின் அலைநீளத்தை நீட்டுகிறது. நம்மிடம் நீலமாக வந்து சேர்வது, புறப்பட்டபோது புறஊதா. அதை உமிழ்பவை அற்பாயுள் கொண்ட பெருவிண்மீன்கள். அவை புதிதாகப் பிறந்திருந்தால் சின்னஞ்சிறு திரளும் பெரிதாகத் தெரியும்.

அண்மை அகச்சிவப்பு மரபு இங்கேதான் விலகுகிறது. 2.2 மைக்ரானில் உள்ள 'கே' பட்டையில், ஒளி இருமடங்கு நீண்டு வந்திருந்தாலும் அது புறப்பட்டது 1.1 மைக்ரானில், முதிய விண்மீன்களின் ஒளி. தூசி அதை அதிகம் மறைப்பதில்லை. திரள் இதுவரை சேர்த்திருக்கும் நிறையை அது காட்டுகிறது. 1993-இல் கார்ட்னர், கவீ, வெய்ன்ஸ்கோட் மூவரும் பொலிவெண் (எண் கூடக் கூட மங்கல்) 10 முதல் 23 வரை எண்ணினார்கள். 17-க்கு அப்பால் எண்ணிக்கை ஏறும் வேகம் வெகுவாகத் தணிந்தது. நீலத்தில் கண்ட வெள்ளம் இங்கே இல்லை.

இந்த மரபின் தரம் கருவியில் மட்டும் இல்லை. 'கே' பட்டையில் வானமும் ஒளிர்கிறது, தொலைநோக்கியின் வெப்பமும் ஒளிர்கிறது. மிக மங்கலான திரளின் ஒளி அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆகவே சிறுசிறு நேரப் படங்களாக, தொலைநோக்கியைச் சற்றே நகர்த்தி நகர்த்தி எடுத்து, வானத்தின் ஒளியைக் கழிக்கிறார்கள். பிறகு கணினியில் போலித் திரள்களைப் படத்தில் விதைத்து, எத்தனை திரும்ப அகப்படுகின்றன என்று பார்க்கிறார்கள். நூற்றில் அறுபதுதான் அகப்பட்டால், அந்தப் பொலிவில் உண்மைத் திரள்களிலும் நூற்றுக்கு நாற்பது தப்பியிருக்கும். இந்தச் சோதனையை வெளியிடாத எண்ணிக்கையை, அது எத்தனை பெரிதானாலும், நான் மதிப்பதில்லை.

லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி நிற்கிறது. பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் வழியே அதை இயக்குகிறார்கள். அங்கே காற்றில் ஈரம் குறைவு, குளிர் அதிகம். அகச்சிவப்புக்கு இரண்டும் வரம். 2013-இல் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் டிர்ஸ்பெக் என்ற அண்மை அகச்சிவப்புக் கருவி அதில் பொருத்தப்பட்டது. ஆனால் மிக ஆழமான எண்ணிக்கைக்கு இந்த 2 மீட்டர் ஆடி போதாது. பெரிய ஆடி வேண்டும். திட்டமிடப்பட்டுள்ள 30 மீட்டர் தொலைநோக்கிக்கான ஆடித் துண்டுகளை மெருகேற்றும் கூடம் அதே ஹொசகோட்டே வளாகத்தில்தான் அமைந்திருக்கிறது. அந்தத் தொலைநோக்கி வருவதற்குள் போலித் திரள் சோதனையில் கைதேர்ந்த மாணவர்களும் இங்கே உருவாகியிருக்க வேண்டும்.